பெண்களுக்கான பி.எம்.எக்ஸ் மண் தடப் பந்தயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண் மேடுகளும் சாய்வு வளைவுகளும் நிறைந்த ஒரு சிறு தடத்தில், முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும் சைக்கிள் விரைவோட்டத்தை பி.எம்.எக்ஸ் பந்தயம் என்கிறார்கள். அமெரிக்காவில் நகரப் பூங்காக்களை ஒட்டியும் புறநகர் மைதானங்களிலும் இத்தகைய தடங்கள் உள்ளன. அங்கே மகளை ஓட்டவிடலாமா என்று யோசிக்கும் பெற்றோரும், தாமே ஓட்டிப் பார்க்க விரும்பும் பெண்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. உள்ளூர்ப் பந்தயத்தில் நடப்பதை விளக்க உதவும் இடங்களில் மட்டும் ஒலிம்பிக் போட்டிகளிலிருந்து எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன.

இந்தப் பந்தயம் எப்படிப்பட்டது?

ஒரு மேட்டின் உச்சியில் எட்டுப் பேர் வரை வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும் இரும்புத் தடுப்பு விழுந்ததும் அனைவரும் ஒரே நேரத்தில் கீழே பாய்ந்து, சுமார் 300 முதல் 400 மீட்டர் நீளமுள்ள தடத்தை ஒரே ஒரு முறை கடக்க வேண்டும். சுற்றுக் கணக்கு எதுவும் கிடையாது. வழியில் மூன்று அல்லது நான்கு வளைவுகளும், அவற்றுக்கிடையே நேரான பகுதிகளும் இருக்கும். வளைவுகள் வெளிப்புறம் உயர்ந்து சுவர் போலச் சாய்ந்திருப்பதால், வேகத்தைக் குறைக்காமலேயே அவற்றில் திரும்ப முடியும். நேரான பகுதிகளில் இரட்டை மேடுகள், மேற்புறம் தட்டையான மேடுகள், அலை அலையாகத் தொடரும் சிறு மேடுகள் ஆகியவை அமைக்கப்பட்டிருக்கும். முன்சக்கரம் இறுதிக் கோட்டைத் தொடும் வரிசையே வெற்றியின் வரிசை. அழகாகத் தாண்டியதற்கோ சாகசம் செய்ததற்கோ மதிப்பெண் கிடையாது. அந்தரத்தில் சுழன்று சாகசம் காட்டும் ஃப்ரீஸ்டைல் என்பது வேறொரு போட்டி. இரண்டையும் ஒன்றென எண்ணி, தொலைக்காட்சியில் கண்ட சாகசங்களை நினைத்து அஞ்சி, மகளைத் தடத்தின் பக்கமே அனுப்பாத பெற்றோர் பலர் இருக்கிறார்கள்.

இந்த விளையாட்டு எங்கே தோன்றியது? பெண்கள் இதில் எப்போது நுழைந்தார்கள்?

1970ஆம் ஆண்டையொட்டித் தெற்குக் கலிபோர்னியாவில், மோட்டோகிராஸ் மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பார்த்து வளர்ந்த சிறுவர்கள், 1963இல் ஷ்வின் நிறுவனம் வெளியிட்ட ஸ்டிங்ரே போன்ற சிறு சைக்கிள்களைக் கொண்டு காலி மனைகளில் அதே பந்தயத்தை நடத்தத் தொடங்கினார்கள். 1977இல் அமெரிக்கன் பைசைக்கிள் அசோசியேஷன் உருவானது; இன்று அது யு.எஸ்.ஏ பி.எம்.எக்ஸ் என்ற பெயரில் இயங்கி, முந்நூறுக்கும் மேற்பட்ட உள்ளூர்த் தடங்களுக்கு அங்கீகாரம் வழங்குகிறது. முதல் உலகச் சாம்பியன் போட்டி 1982இல் ஒஹாயோ மாநிலத்தின் டேடன் நகரில் நடந்தது.

சிறுமிகளும் தொடக்க காலத்திலிருந்தே இதில் இருந்தார்கள், ஆனால் மிகச் சிலராக. 1980களின் முற்பகுதியில் கலிபோர்னியாவைச் சேர்ந்த செரி எலியட் பெண்கள் பிரிவில் அசைக்க முடியாதவராக விளங்கினார். 1989இல் அமெரிக்கன் பைசைக்கிள் அசோசியேஷனின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே; பின்னாளில் மலைச் சைக்கிள் போட்டிகளிலும் அவர் பெயர் பெற்றார். பி.எம்.எக்ஸ் 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது ஆண்களுக்கு 32 இடங்களும் பெண்களுக்கு 16 இடங்களும் ஒதுக்கப்பட்டன. லண்டனிலும் ரியோவிலும் இதே கணக்குத்தான். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் இரு பாலாருக்கும் 24 இடங்கள் என்று அது சமமானது. உச்சத்தில் இடங்கள் சமமாகிவிட்டாலும், உள்ளூர்த் தடத்தின் தொடக்க மேட்டில் எத்தனை பெண்கள் வந்து நிற்கிறார்கள் என்பது இன்னும் தீராத கேள்வியாகவே இருக்கிறது. கீழே வரும் விடைகள் பலவும் ஏதோ ஒரு வகையில் அந்த எண்ணிக்கையைத் தொட்டே செல்கின்றன.

எந்த வயதில் தொடங்கலாம்? முப்பது வயதைக் கடந்த பெண்கள் சேரலாமா?

பெடல் இல்லாத தள்ளு சைக்கிளில் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்கே பல தடங்களில் தனி ஓட்டம் நடத்தப்படுகிறது. அவர்கள் தொடக்க மேட்டின் உச்சியிலிருந்து கிளம்புவதில்லை. துணைச் சக்கரம் இல்லாமல் பெடல் மிதிக்கத் தெரிந்த எந்தச் சிறுமியும் வழக்கமான பந்தயத்தில் சேரலாம்.

மேல் வயது வரம்பு கிடையாது. 24 அங்குலச் சக்கரம் கொண்ட குரூசர் என்னும் சற்றுப் பெரிய சைக்கிளுக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. குழந்தைகளைப் பயிற்சிக்கு அழைத்து வந்து, வேலியோரம் உட்கார்ந்திருந்து சலித்துப்போன தாய்மார்கள் பலர் இந்தக் குரூசர் பிரிவின் வழியாகவே பந்தயத்துக்குள் வந்திருக்கிறார்கள். பெரிய சக்கரம் மேடு பள்ளங்களின் மீது சீராக உருள்வதால், சற்றுத் தாமதமாகத் தொடங்குபவர்களுக்கு அதுவே ஏற்றது.

பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டா, ஆண்களோடு சேர்ந்து ஓட்ட வேண்டியிருக்குமா?

விதிப்படி பெண்களுக்கு வயது வாரியாகத் தனிப் பிரிவுகள் உள்ளன. ஆனால் ஒரு பிரிவு உருவாக வேண்டுமானால் அதில் குறைந்தபட்சம் மூன்று பேராவது பதிவு செய்திருக்க வேண்டும். வார நாளின் மாலையில் நடக்கும் சிறு பந்தயத்துக்கு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் மட்டுமே வந்திருந்தால், அவர்களுக்கென்று தனிப் பிரிவு அமையாது. அப்போது அருகிலுள்ள வயதுப் பிரிவுகளை ஒன்றாக்குவார்கள். அதுவும் போதாதபோது ஏறக்குறைய அதே வயதும் திறமையும் உள்ள ஆண் பிள்ளைகளோடு சேர்த்து ஓட்டவிடுவார்கள்.

இதைக் கேட்டதும் சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள், அதற்குத் தேவையில்லை. பதின்ம வயதுக்கு முன்னர் சிறுவர்களுக்கும் சிறுமிகளுக்கும் இடையே வேகத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. கொலம்பியாவின் மெதெயின் நகரைச் சேர்ந்த மரியானா பஹோன் சிறு வயதில் ஆண் பிள்ளைகளோடு மோதியே பழகினார். பின்னர் 2012இல் லண்டனிலும் 2016இல் ரியோவிலும் தங்கம் வென்று, தம் நாட்டிலேயே இரண்டு ஒலிம்பிக் தங்கங்களைப் பெற்ற முதல் வீராங்கனையானார். நெருக்கமாக ஓட்டுவதும், முழங்கை உரசும்போது பதறாமல் இருப்பதும், முதல் வளைவில் தனக்கான இடத்தைப் பிடிப்பதும் எட்டுப் பேர் நிற்கும் வரிசையில் மட்டுமே கற்கக்கூடியவை. மூன்று பேர் மட்டும் ஓட்டும் பந்தயத்தில் வாரந்தோறும் கோப்பை வாங்கிப் பழகிய சிறுமி, மாநிலப் போட்டியில் முதன்முறையாக நிறைந்த வரிசையைப் பார்க்கும்போது திணறிப்போகிறாள்.

பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு மேல் நிலைமை மாறுகிறது. ஆண் பிள்ளைகளின் உடல்வலு கூடிவிடுவதால், கலப்புப் பந்தயத்தில் தொடர்ந்து கடைசியாக வருவது சிறுமிகளுக்குச் சலிப்பூட்டும். பலர் விலகிப்போவதும் இந்த வயதில்தான். அருகிலுள்ள இரண்டு மூன்று தடங்களைச் சேர்ந்த பெண்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் ஒரே தடத்துக்கு வருவதைவிட இதற்கு நல்ல தீர்வு இல்லை.

பந்தய நாளில் என்னென்ன நடக்கும்?

முதலில் பதிவு. அதைத் தொடர்ந்து பயிற்சி நேரம் வரும். புதியவர்கள் தவறாமல் இதில் தடத்தை இரண்டு மூன்று முறையாவது சுற்றிப் பார்க்க வேண்டும். பதிவு முடிந்ததும் யார் எந்த ஓட்டத்தில், எந்த வரிசை எண்ணில் நிற்க வேண்டும் என்ற பட்டியலை ஒட்டுவார்கள். தகுதி ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் மோட்டோ என்று பெயர். தம் மோட்டோ எண்ணையும் தொடக்க மேட்டில் தமக்குரிய இடத்தின் எண்ணையும் கையுறையிலோ கையிலோ எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு, ஏனெனில் முதல் நாளின் பரபரப்பில் எண் மறந்துபோவது சாதாரணம்.

பொதுவாக ஒவ்வொருவரும் மூன்று மோட்டோக்கள் வரை ஓட்டுவார்கள். முதலில் வருபவருக்கு ஒரு புள்ளி, இரண்டாவதாக வருபவருக்கு இரண்டு புள்ளி என்று கணக்கிட்டு, குறைந்த புள்ளி பெற்றவர்களை முன்னேற்றுவது ஒரு முறை. ஆட்கள் குறைவாக இருந்தால் மூன்று ஓட்டங்களின் கூட்டுப் புள்ளியைக் கொண்டே வெற்றியாளரை முடிவு செய்துவிடுவார்கள். விழுந்தவர் எழுந்து சைக்கிளோடு இறுதிக் கோட்டைக் கடந்தால் அவருக்கு இடம் உண்டு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் போதும். ஆகவே விழுந்த பெண், காயம் இல்லையென்றால், அழுதுகொண்டு தடத்தோரம் உட்கார்ந்துவிடாமல் எழுந்து முடிப்பது நல்லது. எட்டாவது இடத்துக்கும் முடிக்காமல் விட்டதற்கும் புள்ளியில் வேறுபாடு வரும்.

தொடக்கத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

ஆம். இந்தப் பந்தயத்தில் வேறெதையும்விட அதுவே முக்கியம். தடம் குறுகலானது, முந்துவதற்கான இடங்கள் குறைவு. முதல் வளைவுக்குள் முதலாவதாக நுழைபவர் தமக்கு வசதியான பாதையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பின்னால் வருபவர்களோ முன்னால் இருப்பவரின் சக்கரத்தையும் அவர் செய்யக்கூடிய பிழையையும் கணக்கில் கொண்டே ஓட்ட வேண்டும். டோக்கியோ இறுதிப் போட்டியில் பிரிட்டனின் பெத்தனி ஷ்ரீவர் 44.358 விநாடிகளிலும் பஹோன் 44.448 விநாடிகளிலும் முடித்தார்கள். தொடக்கத்திலேயே முன்னிலை பெற்ற ஷ்ரீவர், பின்னால் நெருங்கி வந்த பஹோனைக் கடைசிவரை முந்தவிடவில்லை. இருவருக்கும் இடையில் இருந்தது ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். அதே ஷ்ரீவர் 2024இல் பாரிஸில் இறுதிச் சுற்று வரை தோல்வியே காணாமல் வந்து, இறுதிப் போட்டியில் தொடக்கத்தில் பின்தங்கி எட்டாவதாக முடித்தார்.

தொடக்கம் நடக்கும் விதம் இது. முன்சக்கரத்தை நிமிர்ந்திருக்கும் தடுப்பின் மீது சாய்த்து, இரு பாதங்களையும் பெடல்களின் மீது வைத்து, தரையில் கால் ஊன்றாமல் சமநிலையில் நிற்க வேண்டும். ஒலிபெருக்கியில் பதிவு செய்யப்பட்ட ஒரு குரல், ஓட்டுபவர்கள் ஆயத்தமாகும்படியும் தடுப்பைக் கவனிக்கும்படியும் அறிவிக்கும். அந்த அறிவிப்பு முடிந்த பின் 0.1 முதல் 2.7 விநாடி வரை ஏதோ ஓர் இடைவெளியை இயந்திரமே தீர்மானிக்கும்; அதை முன்கூட்டி ஊகிக்க வழியில்லை. பிறகு சிவப்பிலிருந்து பச்சை வரை விளக்குகள் ஒலியோடு அடுத்தடுத்து எரிந்து முடியும் கணத்தில் தடுப்பு விழும். தேர்ந்தவர்கள் பச்சை விளக்குக்காகக் காத்திருப்பதில்லை. முதல் விளக்கோ முதல் ஒலியோ வந்ததுமே அவர்களது இடுப்பு சற்றுப் பின்னே சென்று முன்னோக்கிப் பாய்ந்துவிடும், தடுப்பு சாயும்போது சக்கரம் அதையொட்டியே இறங்கும். சற்று முந்திவிட்டால் சக்கரம் தடுப்பில் முட்டி, பந்தயமே பாழாகிவிடும்.

இதைக் கற்பிக்கும்போது பெண்களிடம் வலிமை போதாது என்று சொல்லும் பயிற்சியாளர்களும் உண்டு. புதிதாக வருபவர்களைப் பொறுத்தவரை அது தவறான கணிப்பு. அவர்களில் பெரும்பாலோரின் குறை, இரு பாதங்களையும் பெடலில் வைத்துத் தடுப்பின் மீது சமநிலையோடு நிற்கத் தெரியாததுதான். ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி கிளம்புபவர் முதல் மிதியையே இழக்கிறார். வீட்டுச் சுவரில் முன்சக்கரத்தை முட்டக் கொடுத்து நின்று பழகினாலே இந்தக் குறை விரைவில் நீங்கிவிடும். தொடை, இடுப்புத் தசைகளின் வலுவைக் கூட்டும் பயிற்சி அதற்கு அடுத்த கட்டம். கிளம்பியதும் சாய்வில் வரையப்பட்ட கோடுகள் முடியும் வரை அவரவர் தடத்திலேயே செல்ல வேண்டும். அதற்குள் குறுக்கே வெட்டுவது விதிமீறல்.

மேடுகளைத் தாண்டத் தெரியாதவர்கள் ஓட்ட முடியுமா?

தாராளமாக ஓட்டலாம். உள்ளூர்த் தடங்களின் மேடுகள் உருண்டு ஏறி இறங்கக்கூடிய வகையிலேயே அமைக்கப்படுகின்றன. மேட்டில் ஏறும்போது கை கால்களை மடக்கி, இறங்கும்போது நீட்டி, உடலின் எடையால் சைக்கிளைச் சரிவில் அழுத்தினால், பெடல் மிதிக்காமலேயே வேகம் கூடும். இந்த உத்தியைப் பம்ப் செய்வது என்கிறார்கள். இதை நன்கு கற்ற பெண், அரைகுறையாகத் தாண்டிச் சறுக்கும் சிறுவனை எளிதாக முந்திவிடுவாள். அந்தரத்தில் இருக்கும் நேரத்தில் சக்கரத்துக்கு விசை கொடுக்க முடியாது என்பதால், தாண்டத் தெரிந்தவர்களும்கூட முடிந்தவரை தாழ்வாகவும் குறைந்த தூரமும் தாண்டவே முயல்கிறார்கள்.

வளைவுகளில் முந்துவதற்கு மோதலாமா?

உடல்கள் உரசுவது இந்தப் பந்தயத்தின் இயல்பு. வேண்டுமென்றே கையால் தள்ளுவதோ, காலால் தடுப்பதோ, ஒருவரைத் தடத்துக்கு வெளியே ஒதுக்குவதோ குற்றம். அதற்காக நடுவர் ஒருவரைப் பின்னுக்குத் தள்ளலாம், நீக்கவும் செய்யலாம். வளைவின் வெளிப்புறத்தில் உயரமாக நுழைந்து, முன்னால் இருப்பவர் அகலமாகச் செல்லும்போது உட்புறமாக இறங்கி முந்துவது வழக்கமான உத்தி.

அந்த முயற்சி எப்படி முடியலாம் என்பதற்குப் பெய்ஜிங் இறுதிப் போட்டியே பலரும் சுட்டும் எடுத்துக்காட்டு. பிரான்ஸின் ஆன் கரோலின் ஷோசோன் முன்னே செல்ல, பிரிட்டனின் ஷனேஸ் ரீட் இரண்டாவதாகப் பின்தொடர்ந்தார். கடைசி வளைவில் தங்கத்துக்காக முந்தப் பார்த்த ரீட், ஷோசோனின் சைக்கிளோடு உரசி விழுந்தார்; கைக்கெட்டிய வெள்ளியும் போயிற்று. தங்கம் ஷோசோனுக்கு, வெள்ளி அதே நாட்டின் லெதீஷியா லெ கோர்கியேவுக்கு, வெண்கலம் அமெரிக்காவின் ஜில் கின்ட்னருக்கு. அப்போதைய உலகச் சாம்பியனான ரீட் இரண்டாம் இடத்தோடு நிறைவடைந்திருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் உண்டு. வெல்ல முடியும் என்று நம்பியவர் முயன்றதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உள்ளூரில் செவ்வாய்க்கிழமை மாலை நடக்கும் பந்தயத்தில், பத்து வயதுச் சிறுமிக்கு இந்த அளவு துணிச்சலைக் கற்பிக்க அவசரப்பட வேண்டாம்.

எந்த சைக்கிள் வாங்குவது?

20 அங்குலச் சக்கரம், ஒற்றை கியர், பின்சக்கரத்துக்கு மட்டும் கைப் பிரேக் என்பதுதான் பந்தய சைக்கிளின் அமைப்பு. முன்னால் 44 பற்களும் பின்னால் 16 பற்களும் கொண்ட பல்சக்கரங்கள் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ளவை; அதில் ஒரு முழு மிதிக்குச் சக்கரம் 2.75 முறை சுழன்று, சைக்கிள் சுமார் 4 மீட்டர் முன்னேறும். சீட் மிகத் தாழ்வாக இருக்கும், ஏனெனில் பந்தயத்தின்போது யாரும் அதில் உட்காருவதில்லை.

கடைகளில் சாகச ஓட்டத்துக்கென்று விற்கப்படும் கனமான சைக்கிளை வாங்கிவிட்டு வருந்துபவர்கள் நிறைய. மகள் வளர்ந்துவிடுவாள் என்று பெரிய சட்டகமாக வாங்குவதும் தவறுதான். சைக்கிள் நீளமாக இருந்தால் சிறுமியால் அதைத் தூக்கவோ வளைவில் திருப்பவோ முடியாது. பந்தய சைக்கிள்களின் சட்டகங்கள் குழந்தையின் உயரத்துக்கேற்ற பல அளவுகளில் கிடைக்கின்றன. முதல் சில வாரங்களுக்குத் தடத்தில் இரவல் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு, பிறகு மற்ற குடும்பங்களின் பிள்ளைகள் வளர்ந்து கைவிட்ட சைக்கிளை வாங்குவதே சிக்கனமான வழி.

உடைக்கும் பாதுகாப்புக்கும் என்ன விதிகள் உள்ளன?

முகத்தையும் தாடையையும் மூடும் முழுத் தலைக்கவசம், முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரையிலான முழுக்காற்சட்டை, விரல்களை மூடும் கையுறை, மூடிய காலணி ஆகியவற்றை அணிந்துகொள்ளுங்கள். உடலை முழுவதும் மூடும் உடைதான் இங்கே வழக்கம் என்பதால், இறுக்கமான சைக்கிள் உடை வேண்டாம் என்று எண்ணும் பெண்களுக்கு இந்த விளையாட்டில் சங்கடம் ஏதும் இல்லை. ஆனால் காற்சட்டையின் கீழ்ப்பகுதி தொளதொளவென்று இருந்தால் செயினில் சிக்கும். நீண்ட கூந்தலைத் தாழ்வாகப் பின்னி, சட்டைக்குள் செருகிவிட வேண்டும். உச்சியில் கொண்டை போட்டால் தலைக்கவசம் சரியாகப் பொருந்தாது. வளையல், கம்மல், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது நல்லது.

இது எவ்வளவு ஆபத்தானது?

விழாமல் யாரும் இதைக் கற்பதில்லை. சிராய்ப்புகள் சாதாரணம், மணிக்கட்டு முறிவும் காறை எலும்பு முறிவும் இந்த விளையாட்டில் அடிக்கடி காணப்படும் காயங்கள். தலையில் அடிபட்டால் மட்டும் எந்தச் சமாதானமும் கூடாது. அன்றைய பந்தயத்தை அத்துடன் நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடிபட்ட தலைக்கவசத்தையும் மாற்றிவிட வேண்டும்.

உச்ச நிலையில் ஆபத்து பன்மடங்கு. அங்கே தொடக்க மேடு 8 மீட்டர் உயரம், தாண்ட வேண்டிய இடைவெளிகளும் பெரியவை. ஆஸ்திரேலிய வீராங்கனை சாயா சகாகிபாராவின் அண்ணன் கை சகாகிபாரா, 2020இல் பாதர்ஸ்ட் நகரில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் விழுந்து மூளையில் கடும் காயமடைந்தார். அடுத்த ஆண்டு டோக்கியோ அரையிறுதியில் சாயாவே விழுந்து வெளியேறினார். அதன்பின் மீண்டு வந்து 2024இல் பாரிஸில் தங்கம் வென்றார். வெற்றியைக் காட்டி ஆபத்தை மறைப்பது நேர்மையாகாது என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளூர்த் தடங்கள் அந்த அளவுக்கு இல்லை. மேடு தாழ்ந்தது, வேகம் குறைவு, விரும்பாதவர் எதையும் தாண்ட வேண்டியதில்லை.

செலவு எவ்வளவு ஆகும்? உதவி கிடைக்குமா?

ஆண்டு உறுப்பினர் கட்டணம், பந்தயத்துக்குப் பந்தயம் நுழைவுக் கட்டணம், சைக்கிள், தலைக்கவசம் என்பவையே உள்ளூர் அளவில் செலவுகள். முதன்முறை வருபவர்களுக்கு யு.எஸ்.ஏ பி.எம்.எக்ஸ் ஒரு நாள் இலவச உறுப்பினர் வசதி அளிக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் அதைப் பயன்படுத்திப் பாருங்கள். உள்ளூர்த் தடங்களில் பெரும்பாலானவை பெற்றோரின் தன்னார்வ உழைப்பால் நடப்பவை. மண்வெட்டி பிடிப்பதும், தடத்துக்குத் தண்ணீர் தெளிப்பதும், பதிவு மேசையில் உட்காருவதும் அவர்களே.

வெளியூர்ப் போட்டிகள் தொடங்கும்போதுதான் செலவு ஏறுகிறது. எசெக்ஸில் பிரெய்ன்ட்ரீ சங்கத்தின் தடத்தில் வளர்ந்த ஷ்ரீவர், 2017இல் இளையோர் உலகச் சாம்பியன் ஆனார். ஆனால் ரியோ ஒலிம்பிக்குக்குப் பின் பிரிட்டன் தன் பி.எம்.எக்ஸ் நிதியை ஆண்களுக்கு மட்டும் ஒதுக்கியது. அவர் பகுதி நேரமாகக் கற்பித்தல் உதவியாளர் வேலை பார்த்தார். தகுதிச் சுற்றுகளுக்குப் பயணம் செய்வதற்காகப் பொதுமக்களிடமிருந்து 50,000 பவுண்டு திரட்ட முயன்றார். பதக்க வாய்ப்புள்ள இடத்துக்கே பணம் என்று கணக்குப் பார்த்தவர்கள், தங்கம் வாங்கப்போகும் பெண்ணையே கணக்கில் விட்டுவிட்டார்கள்.

உள்ளூர்ப் பந்தயத்துக்கு அடுத்த படி எது?

உள்ளூரில் ஈட்டும் புள்ளிகள் மாநிலப் போட்டிக்கு வழி திறக்கும். அதற்கு மேல் தேசியத் தொடர் இருக்கிறது. ஆண்டின் இறுதிப் பெரும் போட்டி நவம்பரில், நன்றி நவிலல் விடுமுறையை ஒட்டி, ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் நடக்கிறது. மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் கிளவுட் நகரில் வளர்ந்த அலீஸ் போஸ்ட், இத்தகைய உள்ளூர்த் தடங்களின் வழியாகவே வந்து ரியோவில் வெள்ளி வென்றார்; திருமணத்துக்குப் பின் அலீஸ் வில்லோபி என்ற பெயரில் உலகச் சாம்பியன் பட்டங்களும் பெற்றார்.

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு மற்றொரு செய்தி பயன்படலாம். புளோரிடாவில் வளர்ந்த அமாண்டா கார், தம் தாயின் நாடான தாய்லாந்துக்காக ஓட்டி, 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார்.

எங்கள் தடத்துக்குப் பெண்கள் மிகக் குறைவாகவே வருகிறார்கள். என்ன செய்யலாம்?

மாதத்தில் ஒரு மாலையைப் பெண்களுக்கு மட்டுமான பயிற்சிக்கு ஒதுக்கச் சொல்லித் தடத்தை நடத்துபவர்களிடம் கேளுங்கள். முதன்முறை மேட்டின் உச்சியில் நின்று கீழே பார்க்கும் சிறுமிக்கு, பின்னால் வரிசையில் நிற்கும் சிறுவர்கள் அவசரப்படுத்தாத சூழல் வேண்டும். அந்த மாலையில் தொடக்கத் தடுப்பில் நிற்பதை மட்டும் கற்பித்தாலும் போதுமானது. கற்பிப்பவர் பெண்ணாக இருந்தால் மிக நன்று. பெண் நடுவர்களும் தொடக்க அதிகாரிகளும் இருப்பது அதைவிடப் பயன் தரும், ஏனெனில் ஒரு பிரிவை எப்படிச் சேர்ப்பது, எதனோடு இணைப்பது என்ற முடிவுகள் அவர்கள் மேசையில்தான் எடுக்கப்படுகின்றன.

இன்னொன்று, பதிவு செய்யும்போதே மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மூன்றாவது சிறுமி வந்தால்தான் பிரிவு உருவாகும் என்பதால், தங்கையோ பள்ளித் தோழியோ அன்று ஓட்ட வந்தால் மற்ற இருவருக்கும் அது உதவி. தாயே குரூசரில் ஏறிவிட்டால் மகளுக்கும் தயக்கம் குறையும்.

மழை பெய்தால் பந்தயம் நடக்குமா?

பெரும்பாலும் நடக்காது. ஈரமான மண் தடத்தில் ஓட்டினால் சக்கரங்கள் பதிந்து பள்ளம் விழும். அது காய்ந்து இறுகியபின் சரிசெய்யத் தன்னார்வலர்களுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே மழை விட்டுவிட்டது என்று நீங்களாகவே தடத்தில் இறங்கிவிடாதீர்கள். வளைவுகளுக்குத் தார் போட்டிருக்கும் தடங்கள் விரைவில் காயும் என்றாலும், மேடுகளின் முகட்டில் ஈரம் தங்கியிருக்கும். புறப்படுவதற்கு முன் தடத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பந்தயம் தள்ளிப்போனால், கட்டிய நுழைவுக் கட்டணம் அடுத்த தேதிக்குச் செல்லுமா என்பதைப் பதிவு மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.